பொன்னாத்தாவின் பக்கம்

எலெக்ட்ரானிக் சிட்டி, 15 ஆகஸ்ட் 2025, வெள்ளி

நல்ல ரசனை உடையவர்கள் என்று நான் மதிக்கிற தமிழர்களில் அநேகமாக எல்லோரும் நெஞ்சில் வைத்துப் போற்றும் 'முதல் மரியாதை' வெளிவந்து இன்றோடு 40 ஆண்டுகள் நிறைகின்றன. அதை முன்னிட்டு, எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பத்தார், காலையில் கொடியேற்றிய கையோடு மாலையில் பொதுக்கூடத்தில் அந்தப் படத்தைத் திரையிட்டார்கள். நானும் முழுவதும் அமர்ந்து பார்த்தேன். இளமையில் பார்த்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

இப்படி எழுதுவதனால் அந்தப் படத்தின் சிறப்புகளை நான் காணாதவன் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. கட்டபொம்மனாகவும் கர்ணனாகவும் கர்ஜித்த சிவாஜி கணேசன், தமது 56-ஆம் வயதில், அந்தக் கம்பீரத்தையெல்லாம் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பெருமூச்சினாலும் தலையசைப்பினாலும் ஒரு மனிதனின் ஏக்கம் முழுவதையும் உணர்த்திய அதிசயத்தை நான் மறுக்கவில்லை, பி. கண்ணனின் ஒளிப்பதிவும், தேசிய விருது பெற்ற வைரமுத்துவின் பாடலும், இளையராஜாவின் இசையும் தமிழ் சினிமாவுக்குக் கிடைத்த செல்வங்கள் என்பதில் எனக்கு எவ்விதச் சந்தேகமும் இல்லை. இசையமைத்த இளையராஜாவுக்கே படம் பிடிக்கவில்லை என்றும், பிடிக்காமலே அவர் அவ்வளவு உயர்ந்த இசையைத் தந்தார் என்றும் இயக்குநர் பாரதிராஜா சொல்லியிருக்கிறார். ஒரு படைப்பின் அங்கங்களையெல்லாம் வியந்துகொண்டே அதன் ஆத்மாவோடு ஒருவன் பிணங்கி நிற்கலாம் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

16 ஆகஸ்ட், சனி

என் பிணக்கு பொன்னாத்தாவைப் பற்றியது.

சிவாஜி நடித்த மலைச்சாமியின் மனைவியாகிய பொன்னாத்தாவை இந்தப் படம் தொடக்கத்திலிருந்தே, கரகரத்த குரலும் ஓயாத ஏச்சும் முகத்தில் எப்போதும் ஒரு கடுப்புமாக நம் முன் நிறுத்துகிறது. அப்போது இருபதுகளில்தான் இருந்த வடிவுக்கரசி, வயது முதிர்ந்த அந்த ஸ்திரீயின் வேஷத்தை எவ்வளவு உண்மையாக நடித்தார் என்றால், அவள் வாய் திறக்கும்போதெல்லாம் நேற்றுக்கூடக் கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அவளிடம் நமக்கு வெறுப்பு ஊற ஊறத்தான், பரிசல் தள்ளி வரும் குயிலிடம் மலைச்சாமிக்கு உண்டாகும் பிரியம் நியாயமாகவும் புனிதமாகவும் தோன்றும்படி கதை கட்டப்பட்டிருக்கிறது.

பிற்பாதியில் ஒரு ரகசியம் வெளிப்படுகிறது. பொன்னாத்தா கல்யாணத்துக்கு முன்பே மயில்வாகனம் என்பவனால் கருவுற்றவள். குடும்ப மானத்தைக் காக்க வேண்டி அவளுடைய தகப்பனார் மலைச்சாமியிடம் மன்றாட, மாமனின் மரியாதைக்காக அவளை மணந்த மலைச்சாமி, பிறந்த பெண்ணைத் தன் மகளாகவே ஊரறிய வளர்த்து, ஆனால் பொன்னாத்தாவை ஒருநாளும் மனைவியாகத் தீண்டாமலே ஆயுளைக் கழித்திருக்கிறார். இந்த ரகசியம் தெரிந்தவுடன் மலைச்சாமி நம் கண்ணுக்கு ஒரு மகாத்மாவாக உயர வேண்டும் என்பதும், பொன்னாத்தா நன்றி கெட்டவளாக இன்னும் ஒரு படி தாழ வேண்டும் என்பதுமே படத்தின் உத்தேசம்.

எனக்கோ அந்த இடத்தில்தான் மனம் எதிர்த்திசையில் போகிறது. ஒருவனால் கைவிடப்பட்டு, தகப்பனால் இன்னொருவனிடம் தர்மமாக ஒப்படைக்கப்பட்டு, தாலி கட்டியவன் காட்டிய தயவு ஒவ்வொரு நாளும் தன் குற்றத்தை நினைவூட்டிக்கொண்டே இருக்க, மன்னிக்கப்படாமலும் விடுவிக்கப்படாமலும் ஒரு கூரையின் கீழ் இளமையையும் நடுவயதையும் தீர்த்த ஒரு பெண்ணின் நாவில் கசப்பைத் தவிர வேறு எது ஊறியிருக்கும்? அவளுடைய ஏச்சுக்குக் காரணம் என்ன என்பதைச் சொல்வதற்கான ஆதாரம் முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, அதை அவளுக்கு எதிரான சாட்சியமாக மட்டுமே இந்தப் படம் பிரயோகிக்கிறது. மலைச்சாமியின் தனிமைக்கு ஆறும் மரமும் வானமும் இசையும் உடன் நின்று அழுகின்றன. பொன்னாத்தாவின் தனிமைக்காக ஒரு வயலின் கம்பிகூட அசையவில்லை. சிறையிலிருந்து வரும் மயில்வாகனத்தின் வருகையும், அவனைக் குயில் கொல்வதும்கூட, குயிலின் தியாகத்துக்குரிய சந்தர்ப்பமாகவே அமைகின்றனவேயன்றி, அவனால் வாழ்வு சிதைந்தவளின் கணக்கில் எதையும் வரவு வைப்பதில்லை.

இன்னொருத்தியும் உண்டு. செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகள் செவுளி, மலைச்சாமியின் உறவுப் பையன் செல்லக்கண்ணுவின் காதலி, நகைக்காக மலைச்சாமியின் மருமகனாலேயே கொல்லப்படுகிறாள். மருமகன் என்றும் பாராமல் அவனைப் போலீஸாரிடம் ஒப்படைக்கும் மலைச்சாமியின் நீதியே அந்தக் கொலையிலிருந்து நம் மனத்தில் எஞ்சுகிறது, செவுளி எஞ்சுவதில்லை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

மகளும் மருமகனும் காரில் தலக்காட்டுக்கு அழைத்துப் போனார்கள். நைஸ் சாலையைப் பிடித்துக் கனகபுரா வழியாக மளவள்ளியைத் தாண்டினால் காவிரி வந்துவிடுகிறது. தலக்காடு, முடுக்குத்தொரை, சிவசமுத்திரம் ஆகிய இந்தப் பக்கங்களில்தான் 'முதல் மரியாதை' படமாயிற்று. தமிழ்க் கிராமத்தின் அசல் உருவம் என்று நாம் மனத்தில் பதித்துக்கொண்ட அந்த ஆற்றங்கரை, கன்னட நாட்டு ஆற்றங்கரை. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆவணி பிறந்த இன்று ஆற்றில் நீர் தாராளமாக ஓடிற்று. கரையில் நின்று பார்க்கும்போது, இவ்வளவு அழகான ஓர் இடத்தைக் கேமராக் கண்ணுக்குள் கொண்டுவந்த பிறகு, அந்த அழகின் பாதியைக்கூட மனைவிக்குப் பங்கு வைக்க ஒரு பெரிய கலைஞனுக்கு ஏன் மனம் வரவில்லை என்ற கேள்விதான் மேலும் வலுத்தது. குயிலுக்குக் கரை முழுவதும் கொடுத்தார்கள். பொன்னாத்தாவுக்கு வீட்டு முற்றம்.

20 ஆகஸ்ட், புதன்

மூன்றாம் மாடியில் இருக்கும் மைசூர்க்கார அம்மாள், என் அபிப்பிராயத்தை யாரோ சொல்லக் கேட்டு, இன்று மாலை பூங்காவில் என்னை நிறுத்தினார். "சார், பாரதிராஜா எங்க புட்டண்ணாகிட்ட வேலை கத்துக்கிட்டவர்தானே? நீங்க 'சரபஞ்சர' பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன், ஆனால் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான் யோசித்ததில்லை. யோசிக்க யோசிக்க இரவு தூக்கம் போய்விட்டது.

புட்டண்ணா கணகாலிடம் பாரதிராஜா உதவியாளராக இருந்தவர் என்பது யாவரும் அறிந்தது. திரிவேணியின் நாவலைத் தழுவி 1971-இல் புட்டண்ணா எடுத்த 'சரபஞ்சர'வின் நாயகி, கல்யாணத்துக்கு முன் தனக்கு நேர்ந்த ஒன்றை மனத்தின் அடியில் புதைத்து வைத்திருக்கும் இல்லத்தரசி. பிரசவத்துக்குப் பிறகு சித்தம் கலங்கிய நிலையில் அது வெளிப்பட்டுவிடுகிறது; சிகிச்சை பெற்றுக் குணமாகி வீடு திரும்பியவளைக் கணவன் மனத்தால் விலக்கிவிட்டு வேறொருத்தியை நாடுகிறான்; அவள் மறுபடியும் மனநல மருத்துவமனைக்கே போய்ச் சேர்கிறாள். கல்பனா நடித்த அந்தப் பெண்ணின் பெயர் காவேரி.

ஆக, மனைவிக்கு ஒரு பழைய ரகசியம், கணவனுக்கு வேறொரு பெண்மேல் நாட்டம் என்ற ஒரே முடிச்சைக் குருவும் சிஷ்யரும் கையாண்டிருக்கிறார்கள். குரு, அந்த வீட்டின் உள்ளறைக்குப் போய் மனைவியின் அருகில் உட்கார்ந்துகொண்டார். சிஷ்யர், கணவனைப் பின்தொடர்ந்து ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். புட்டண்ணாவின் படத்தில் ஊராரின் ஏளனப் பார்வை எப்படி ஒரு மனத்தை இஞ்சிஞ்சாக உடைக்கும் என்பதை நாம் அவளோடு கூடவே அனுபவிக்கிறோம். 'முதல் மரியாதை'யில் அந்த ஏளனப் பார்வையை நாமே ஏற்றுப் பொன்னாத்தாவைப் பார்க்கும்படி பழக்கப்படுகிறோம். புட்டண்ணா 1985 ஜூன் 5-ஆம் தேதி காலமானார். 'முதல் மரியாதை' அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. அவர் அதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று கேட்டுக்கொள்ளாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அந்த அம்மாள் இன்னொன்றும் சொன்னார். அவருடைய தாயார் 'சரபஞ்சர'வை மைசூரில் பார்த்துவிட்டு வந்து, இரண்டு நாள் கணவரோடு பேசவில்லையாம். "அப்பா ஒரு தப்பும் பண்ணலை, சார். ஆனா அம்மாவுக்கு அப்படி ஒரு கோபம்."

23 ஆகஸ்ட், சனி

தேனிப் பக்கத்து நண்பர், தம் ஊர்க்காரரின் படத்தை நான் குறை சொல்கிறேன் என்ற வருத்தத்தோடு வந்து உட்கார்ந்தார். "அண்ணே, அது மலைச்சாமியோட கதை. எல்லார் கதையையும் ஒரே படத்துல எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். கேள்வி நியாயமானது, அதற்கு மரியாதையான பதில் சொல்ல வேண்டும்.

வேறெங்கும் போக வேண்டாம், பாரதிராஜாவின் முதல் படத்துக்கே போவோம் என்றேன். 1977-இல் வந்த '16 வயதினிலே'யில் காந்திமதி நடித்த குருவம்மாளும் நாக்கில் நெருப்பை வைத்திருப்பவள்தான். சப்பாணியை விரட்டுகிறாள், ஊராரோடு மல்லுக்கு நிற்கிறாள். ஆனால் மகளைக் கரையேற்ற வேண்டிய ஒரு தாயின் பயமே அந்த வசவுகளாக வருகிறது என்பதை நாம் ஒரு கணமும் மறப்பதில்லை. மகளுக்கு அவமானம் நேர்ந்தபின் அவள் மாண்டு போகும்போது, அவ்வளவு நேரம் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்த கொட்டகை முழுவதும் அவளுக்காக விம்முகிறது. அதுவும் குருவம்மாளின் கதை அன்று, மகள் மயிலின் கதை. அப்படியிருந்தும் அவளுக்கு ஓர் இடம் இருந்தது. கடுமொழி பேசும் கிராமத்துப் பெண்ணின் உள்ளத்தைத் தமிழ்த் திரையில் இவரைவிட நன்றாக அறிந்தவர்கள் மிகச் சிலரே. அறிந்தவர் பாராமுகமாகப் போனார் என்பதனால்தான் எனக்கு இத்தனை மனத்தாங்கல். சாதாரண இயக்குநர் ஒருவர் இதைச் செய்திருந்தால் நான் இவ்வளவு பக்கங்கள் எழுதியிருக்க மாட்டேன்.

நண்பர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படின்னா குயிலோட காதல் தப்புங்கிறீங்களா?" என்றார். இல்லை. முதுமையின் வாசலில் ஒருவனுக்குக் கிடைக்கும் அன்பு பெரிய பாக்கியம். அதை இவ்வளவு கண்ணியமாகச் சித்திரித்த படம் தமிழில் அபூர்வம். அந்த அன்புக்கு விலையாகப் பொன்னாத்தாவைக் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பது மட்டுமே என் வாதம். அவளும் நம் இரக்கத்துக்கு உரியவளாக இருந்திருந்தால் மலைச்சாமியின் மனம் படும் பாடு இன்னும் கடினமாகியிருக்கும். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் நாமும் தவித்திருப்போம். படம் இன்னும் பெரிதாகியிருக்கும்.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் 'சரபஞ்சர'வை அதே கூடத்தில் திரையிட வேண்டும் என்று மைசூர்க்கார அம்மாள் கேட்டிருப்பதைச் சொன்னபோது, தானே சங்கத்தாரிடம் பேசுவதாக ஏற்றுக்கொண்டார். 27-ஆம் தேதி கணேச சதுர்த்தி. பந்தலைப் பிரித்துக் கூடத்தை ஒழித்துக் கொடுத்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையைக் குறிக்கலாம் என்று இருக்கிறோம்.