தாத்தாவின் கத்திப் பிடி



கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் எங்க ஊர். எங்க தாத்தா தன் கத்திக்குத் தானே பிடி போடுவார். கல் மூங்கிலின் அடிக்கட்டையை வெட்டி, நிழலில் பல நாள் காயவைப்பார். கிட்டக்கிட்ட கணு இருக்கும். அதைச் சீவவே மாட்டார். காய்ச்சிய கம்பியால் துளை போட்டு, உருக்கின அரக்கில் செங்கல் பொடி கலந்து ஊற்றி, சூடு ஆறுவதற்குள் கத்தியின் வாலைச் சொருகுவார். மேலே ஒரு இரும்புப் பூண். அவ்வளவுதான்.

போன கோடை விடுமுறையில் கள்ளக்குறிச்சியில் மரச்சிற்ப வேலையைப் பார்த்தேன். 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. சிற்பமெல்லாம் பளபளன்னு மின்னுச்சு. தாத்தா கத்தியும் இப்படி இருந்தா எப்படி இருக்கும்னு தோணுச்சு. யாரையும் கேட்காமல் கணுவையெல்லாம் அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துவிட்டேன். தாத்தா வாங்கிப் பார்த்தார். "அழகாத்தான்டா இருக்கு" என்றார். வேற ஒண்ணும் சொல்லலை.

மறுநாள் தூறல். மரவள்ளிக் குச்சி வெட்டும்போது ஈரக் கையிலிருந்து கத்தி வழுக்கி அவர் காலில் விழுந்தது. ஆறு தையல்! வீட்டில் கேட்டதற்கெல்லாம் "கை தவறிடுச்சு" என்றே சொன்னார். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பிறகு வகுப்பில் உராய்வு விசை பாடம் வந்தது. ஜப்பான் நாட்டு வாள்களின் பிடியில் சொரசொரப்பான திருக்கை மீன் தோலைப் போர்த்தி, மேலே நாடா சுற்றுவார்கள் என்று சார் சொன்னார். "மான் கொம்பும் சொரசொரப்புதானே சார்?" என்று கேட்டேன். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம் என்றார். நமக்குத்தான் மூங்கில் இருக்கே!

பொங்கல் லீவில் நானே ஒரு பிடி செய்தேன். கணுக்களை அப்படியே விட்டேன். இடையில் கற்றாழை நாரைத் திரித்து இறுக்கிச் சுற்றினேன். தாத்தா கையைத் தண்ணியில் நனைத்துவிட்டுப் பிடித்துப் பார்த்தார். "இப்ப கையில நிக்குதுடா" என்றார். அன்று ராத்திரி சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் நான் செய்த தப்பைச் சொல்லிவிட்டேன்.

கணு அழகுக்காக மட்டும் இல்லை நண்பர்களே, கைக்காகவும்தான். பெரியவங்க பொருளை மாத்துறதுக்கு முன்னாடி, அது ஏன் அப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவன்