நன்னம்பிக்கையும் மழைமானியும்

தொழில் புரிவோர்க்கு நன்னம்பிக்கையும் உற்சாகமும் ஊட்டவெனப் பயிற்சி வகுப்புகள் நடாத்துவது இக்காலத்தில் எங்கும் வழக்கமாகிவிட்டது. வங்கிகளிலும் கந்தோர்களிலும் பரவிய இவ்வழக்கம் ஊவா மலைத்தோட்டங்களையும் எட்டியுளது. நம் கல்லூரியிற் பயின்று தோட்டத் துரைமாராயும் உத்தியோகத்தராயும் விளங்கும் அன்பர் சிலர் இவ்வகுப்புகளை ஒழுங்கு செய்வோராதலின், இதுபற்றிச் சில கூறுதல் இம்மலருக்குப் புறம்பாகாது.

சில ஆண்டுகளுக்கு முன் பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் அத்தகைய வகுப்பொன்றைப் பார்த்திருந்தோம். பாதி நிறைந்த நீர்க்குவளையின் படம் சுவரிலே தொங்கிற்று. எதிலும் நல்லதையே காணவேண்டுமெனப் பேச்சாளர் நாவன்மையோடு விளக்கினார். கொழுந்தெடுக்கும் அம்மையார் ஒருவர் எழுந்து, “எங்க லயத்துச் சுவரு வெடிச்சிருக்குங்க ஐயா. மழ பேஞ்சா வெடிப்பு பெருசாகுது. அத எப்படிங்க நல்லதா நெனைக்கிறது?” என்றார். சபை சிரித்தது. பேச்சாளரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குச் சென்றார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. மீரியபெத்த அதே மாவட்டத்தில்தான் உள்ளது.

கொஸ்லாந்தைக்கு அண்மையிலுள்ள அத்தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலை, பிள்ளைகள் பலர் பாடசாலை சென்றபின், மலை சரிந்து லயங்களை மூடிற்று. திரும்பி வந்த பிள்ளைகளிற் சிலர்க்கு வீடுமில்லை, பெற்றோருமில்லை. அந்நிலம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்தும் மக்கள் பெயரவில்லையே எனப் பின்னர்ச் சிலர் பேசினர். எங்கே பெயர்வது? லயத்து அறை தொழிலோடு பிணைந்தது. ஒரு பேர்ச் நிலமும் சொந்தமாயில்லாதவரைப் ‘போ’ என்பது வழிகாட்டலாகாது. ‘ஒன்றும் ஆகாது’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டு நாடோறும் மலையேறியவர்க்கு நன்னம்பிக்கை குறைவென எவர் சொல்வார்? அவர்களிடம் இருந்ததே அது ஒன்றுதான். எஞ்சியோர் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஒதுங்கியிருந்து, 2016இல் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் பெற்றனர். நிலம் முன்னரே கொடுத்திருக்கக்கூடியதே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

நன்னம்பிக்கைப் பயிற்சிகளின் மூலவராகக் கொள்ளப்படுபவருள் ஒருவர் அமெரிக்க உளநூலார் மார்ட்டின் செலிக்மன். அவரும் ஸ்டீவன் மையரும் 1967இல் வெளியிட்ட ஆய்வில், தம்மால் நிறுத்தவியலாத மின்னதிர்ச்சிக்கு ஆளான நாய்களிற் பல, பின்னர்த் தப்ப வழியிருந்தும் படுத்தே கிடந்தன. கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுவதென அவர்கள் முடிவு செய்தனர். அரைநூற்றாண்டின்பின், 2016இல், அவ்விருவருமே அதனைத் தலைகீழாகத் திருத்தினர். நீடித்த துன்பத்தின்முன் செயலற்றுக் கிடத்தலே உயிரின் இயல்பாம். தன் செயலால் துன்பம் நீங்கும் என்பதே கற்றுக்கொள்ளப்படுவதாம். குவளைப் படத்தோடு வருவோர்க்கு இத்திருத்தம் இன்னும் எட்டியதாய்த் தெரியவில்லை.

தன் செயலுக்குப் பயனுண்டென்பதைத் தொழிலாளி கற்க நம் தோட்டங்களில் இடமெங்கே? பெரட்டுக் களத்தில் ஒரு பெண் சொன்ன குறை மறுகிழமை தீர்ந்ததுண்டா? கொழுந்து குறைந்தால் அரைப்பேர். குறை சொன்னால் வாயாடி என்ற பெயர். இப்பாடத்தை நாடோறும் படிப்பவர்க்கு ஆண்டிலொருநாட் சொற்பொழிவு யாது செய்யும்?

நாம் கண்டவற்றுள் மெய்யான பயிற்சி மழைமானியொன்றைச் சூழ்ந்து நடந்தது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையெனின் விழித்திருத்தல், 100 எனின் ஆயத்தமாதல், 150 எனின் வெளியேறல்: மேற்சொன்ன ஆராய்ச்சி நிறுவனம் வகுத்த அளவுகள் இவை. அவற்றை வாசிக்கப் பழகிய பெண்ணொருத்தி மழையிரவில் விளக்கோடு சென்று அளவு பார்க்கிறாள். அயல் லயங்களைத் தட்டி எழுப்புகிறாள். அவள் சொல்லுக்கு ஆட்கள் எழும்புகின்றனர். உற்சாகத்தைப் பற்றி அவளுக்கு எவரும் உரையாற்றியதில்லை.

இதனைத் தம் தோட்டத்திற் செய்ய விரும்பும் அன்பர்க்கு ஒரு வார்த்தை. மழைமானி வாங்குதல் எளிது. எழும்பியோர் போய்த் தங்குதற்குப் பாடசாலையோ பிள்ளைமடுவமோ அவ்விரவில் திறந்திருத்தல் வேண்டும். அதன் திறப்பு எவரிடமுள்ளதென்பதை அப்பெண் அறிந்திருத்தலும் வேண்டும்.