கரண்டிச் சத்தம் கேட்கும் துறைமுகம்

மெக்ஸிகோவின் வெராக்ரூஸ் துறைமுகத்தைப் பற்றி எழுத உட்காரும் எவரும் ஒரு காப்பித் தம்ளரில்தான் தொடங்குகிறார்கள். நானும் அதையே செய்கிறேன், காரணம் இருக்கிறது. கடற்கரைச் சாலையில் உள்ள 'லா பர்ரோக்கியா' காப்பிக்கடை தன் வயதை 1808-லிருந்து கணக்குச் சொல்கிறது. அங்கே 'லெச்சேரோ' கேட்டால், உயரமான கண்ணாடித் தம்ளரின் அடியில் கெட்டியான கறுப்புக் காப்பியை மட்டும் ஊற்றி வைத்துவிட்டுப் பரிமாறுபவர் போய்விடுவார். பால் வேண்டுமென்றால் வாய் திறக்கத் தேவையில்லை. கரண்டியால் தம்ளரைத் தட்ட வேண்டும். சத்தம் கேட்டதும் இன்னொருவர் கெட்டிலோடு வந்து, கையை உயரத் தூக்கி, சுடச்சுடப் பாலை ஒரே தாரையாக இறக்குவார். நுரை விளிம்பைத் தொட்டதும் தாரை அறும். அந்தக் காலத்தில் டிராம் ஓட்டுநர் ஒருவர் கடை வருமுன்பே மணியடித்துத் தன் காப்பியைத் தயார்ப்படுத்தச் சொல்வாராம். அவர் இறந்தபின் அந்த மணியின் நினைவாகத்தான் தம்ளர்கள் ஒலிக்கின்றன என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, கடை முழுக்க 'டிங் டிங்' என்று கேட்டுக்கொண்டிருக்கும். யாரும் பறப்பதாகத் தெரியாது. இதைப் பார்க்கும் பயணி உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்: வெயில் ஊர், கடலோர ஜனங்கள், அவசரம் தெரியாத பிறவிகள். இந்த முடிவு தவறு என்பது என் கட்சி. வெராக்ரூஸின் நிதானம் பிறவிக் குணமாக வந்ததில்லை. பொறியாளர்களும் கொசு ஒழிப்பாளர்களும் அகதிகளாக வந்த இசைக்காரர்களும் வாடகை கட்ட மறுத்த பெண்களுமாகச் சேர்ந்து, ஏறத்தாழ ஐம்பதே ஆண்டுகளில் உண்டாக்கிய ஏற்பாடு அது.

வெயில்தான் காரணம் என்றால், 1519 ஏப்ரலில், புனித வெள்ளியன்று, ஸ்பானியப் படைத்தலைவர் எர்னான் கோர்த்தேஸ் இந்தக் கரையில் இறங்கியபோதும் அதே வெயில்தான் அடித்தது. அந்த நாளை வைத்துத்தான் 'மெய்யான சிலுவை' என்று பொருள்படும் பெயரே ஊருக்கு வந்தது. அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டுகளுக்கு ஸ்பானியக் கப்பல்கள் வெள்ளியை ஏற்றிப் போனதும், பாதரசத்தையும் துணியையும் ஆப்பிரிக்க அடிமைகளையும் கொண்டுவந்து இறக்கியதும் இந்தத் துறையில்தான். இவ்வளவு பணம் புழங்கிய ஊரில் தங்கத்தான் ஆளில்லை. சுற்றிலும் மணல்மேடு, சதுப்பு, தேங்கிய நீர். மஞ்சள் காய்ச்சலுக்கு இங்கே 'கறுப்பு வாந்தி' என்று பெயர். கப்பலிலிருந்து புதிதாக இறங்கியவர்களைத்தான் அது முதலில் வாரிக்கொண்டு போகும். எனவே இறங்கியவர்கள் எல்லாம் முடிந்தவரை சீக்கிரம் கோவேறு கழுதை ஏறி மலைமேல் இருக்கும் ஹலாப்பாவுக்கு ஓடினார்கள். 1720-லிருந்து கப்பல் சரக்கின் சந்தையையே ஹலாப்பாவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றால் பயம் எவ்வளவு இருந்திருக்கும் பாருங்கள். 1804-இல் இவ்வழியே நாடு விட்டுப்போன ஜெர்மன் ஆய்வாளர் அலெக்சாண்டர் ஹம்போல்ட் இந்த ஊர்க் காய்ச்சலை ஆராய்ந்து பக்கம் பக்கமாக எழுதினார். 1839 கடைசியில் வந்து இறங்கிய ஸ்பானியத் தூதரின் மனைவி ஃபேன்னி கால்தெரோன் தெ லா பார்காவுக்கு ஊர் களையிழந்து தெரிந்தது. கண்ணில் பட்டதெல்லாம் மணலும் பிணந்தின்னிக் கழுகுகளும். அந்தக் கழுகுகளைக் கொன்றால் அபராதம். தெருக் குப்பையைத் தின்று தீர்க்க ஊருக்கு வேறு துப்புரவாளர் கிடையாது. இதுதான் இன்று நாம் காலை நீட்டிக் காப்பி குடிக்கும் ஊர்.

பிறகு என்ன மாறியது? 1873 புத்தாண்டன்று மெக்ஸிகோ நகரத்துக்கும் வெராக்ரூஸுக்கும் ரயில் பாதை திறந்தது. 1880-இல் ஊரை நெரித்துக்கொண்டிருந்த மதில் சுவரை இடித்தார்கள். மிச்சம் நிற்பது 1635-இல் கட்டிய சந்தியாகோ கொத்தளம் ஒன்றுதான். வீட்மன் பியர்சன் என்ற ஆங்கிலேய ஒப்பந்ததாரர் அலைதடுப்புச் சுவர்களை எழுப்பி, துறைமுகத்தைத் தூர்வாரி, அள்ளிய மணலைக் கொட்டிக் கடலோரத்தில் புது நிலம் உண்டாக்கினார். 1902-இல் அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் வந்து திறந்துவைத்தார். மாலையில் மக்கள் உலாவும் 'மலெக்கோன்' பகுதி அப்போது கடலைத் தூர்த்து எடுத்த நிலம்தான். இன்னொரு பக்கம், காய்ச்சலைப் பரப்புவது கொசு என்று கியூபா மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் சொன்னதை 1900-இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்ட்டர் ரீடின் குழு ஹவானாவில் நிரூபித்தது. 1903-இல் மெக்ஸிகோ அரசு தண்ணீர்த் தொட்டிகளை மூடவும் தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றவும் ஆட்களை அனுப்பியது. 1920-களின் தொடக்கத்தோடு நாட்டில் மஞ்சள் காய்ச்சல் அடங்கியது. சாவு பயம் போன பிறகுதான் ஊரில் நாற்காலிகள் வெளியே வந்தன. மாலைக் காற்றை அனுபவிப்பதற்கு முதல் தேவை, அந்தக் காற்றில் வரும் கொசு கொல்லாது என்ற நம்பிக்கை. தட்பவெப்பத்தை வைத்துக் குணம் சொல்பவர்கள் இந்தச் சின்ன விஷயத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

சுகாதாரம் மட்டும் நிதானத்தைத் தந்துவிடாது. அப்படியிருந்தால் ஆஸ்பத்திரி வராந்தாதான் உலகிலேயே இனிமையான இடமாக இருக்க வேண்டும். வெராக்ரூஸுக்கு அந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தது தான்சோன் நடனம் என்பேன். 1868-இல் கியூபாவில் தொடங்கிய விடுதலைப் போருக்குத் தப்பி இந்தக் கரைக்கு வந்தவர்கள் தங்கள் இசையையும் கொண்டுவந்தார்கள். மத்தான்சாஸ் நகரத்தில் 1879-இல் மிகேல் ஃபைல்தே அரங்கேற்றியதைத்தான் முதல் தான்சோன் என்பார்கள். வெராக்ரூஸில் அது நுழைந்த இடம் ஏழைகளின் 'பாத்தியோ'. அதாவது நடுவில் முற்றம், சுற்றி வரிசையாக ஒற்றை அறைகள், எல்லோருக்கும் பொதுவாகக் குழாயும் கக்கூசும் உள்ள குடியிருப்பு. பெரிய மனிதர்கள் முகம் சுளித்தார்கள். இன்று அதே நடனம் ஊர் நடுவே, நகராட்சிக் கட்டடத்தின் எதிரே, சோகாலோ சதுக்கத்தில் நடக்கிறது. கிளாரினெட், டிரம்பெட், தாளத்துக்கு முரசு, சுரைக்குடுக்கையில் பல் வெட்டி அதைக் குச்சியால் சுரண்டும் 'குயிரோ'. முதலில் இசை ஒரு முன்னுரை சொல்லும். அப்போது யாரும் ஆடக்கூடாது. ஜோடிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாத்தியக்காரர்களைப் பார்ப்பார்கள். பெண் விசிறியை விரிப்பாள். பிறகு எண்ணி எண்ணி அடி. உடம்பு மேலே நிமிர்ந்து இருக்க, ஒரு செங்கல் பரப்புக்குள் ஆடி முடிக்கத் தெரிந்தவர்தான் ஆட்டக்காரர் என்பது அவர்கள் வழக்கு. மீண்டும் முன்னுரை வரும். எல்லோரும் சட்டென்று நின்றுவிடுவார்கள், மறுபடி விசிறி. எழுபது வயதுத் தாத்தா வெள்ளை 'குவாயபேரா' சட்டையில், பாட்டியின் கையை விடாமல், அடுத்த பகுதி எந்தத் தட்டில் தொடங்கும் என்று காத்து நிற்பார். தவறவிட்டால் கேவலம். இதைப் பார்த்துவிட்டு 'கட்டுப்பாடில்லாத வெப்பமண்டலக் கொண்டாட்டம்' என்று எழுதுகிறவர்கள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த சுற்றுலாக் கையேட்டைப் பார்த்திருக்கிறார்கள். ஓய்வுக்கும் இலக்கணம் உண்டு, ஓய்வெடுக்கும் இடமும் தாளத்துக்குள் கணக்கிடப்பட்டிருக்கிறது என்பதுதான் தான்சோன்.

அந்தப் பாத்தியோக்களில் குடியிருக்கும் உரிமையும் சும்மா கிடைக்கவில்லை. புதிய துறைமுகம் வேலை தேடும் கூட்டத்தை இழுத்து வந்தது. வாடகை ஏறிக்கொண்டே போனது. 1922 தொடக்கத்தில் எரோன் ப்ரோஆல் என்ற தையல்காரர், அராஜகவாதி, குடியிருப்போர் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். ஆனால் முதல் நெருப்பை வைத்தவர்கள் பாலியல் தொழிலாளிகள். படுக்கை, நாற்காலிக்கெல்லாம் சேர்த்து அவர்களிடம் தினவாடகை வசூலித்தார்கள். மார்ச் மாதத்தில் அவர்கள் மெத்தைகளைத் தெருவுக்கு இழுத்து வந்து கொளுத்தக் கிளம்பினார்கள். சில வாரங்களில் ஊரின் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை நிறுத்தத்தில் இருந்தார்கள். 'வேலைநிறுத்தத்தில் இருக்கிறேன், வாடகை தரமாட்டேன்' என்ற அட்டை வீட்டு வாசல்களில் தொங்கியது. ஜூலையில் ராணுவம் சுட்டது, ப்ரோஆல் சிறைக்குப் போனார். ஆனாலும் அடுத்த ஆண்டு மாநிலம் ஒரு வாடகைச் சட்டம் கொண்டுவந்தது. பழைய மரவீடுகள் இன்னும் மிச்சமிருக்கும் லா உவாக்கா பேட்டையில் நடக்கும் பயணிக்கு, பாடகி தோன்யா லா நெக்ரா பிறந்த இடம் என்று வழிகாட்டி சொல்வார். மெத்தை எரிந்த கதையையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும். வீட்டு வாசலில் ஆடும் நாற்காலி போட்டு உட்கார முதலில் வாசல் நிலைக்க வேண்டும் அல்லவா?

காத்திருக்கவும் இந்த ஊர் பழகியிருக்கிறது. அக்டோபர் முதல் வசந்தம் வரை அவ்வப்போது 'நோர்த்தே' வீசும். தமிழில் வாடை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். வட அமெரிக்காவிலிருந்து இறங்கும் குளிர்காற்று வளைகுடாவைக் கடந்து வந்து அறையும்போது துறைமுகத்தை மூடிவிடுவார்கள்; கப்பல்கள் வெளியே நிற்கும். எதிரிகளுக்கும் குறைவில்லை. மெக்ஸிகோ 1821-இல் விடுதலை பெற்ற பிறகும் எதிரே இருக்கும் சான் ஹுவான் தெ உலுவா கோட்டையில் ஸ்பானியர் 1825 வரை உட்கார்ந்திருந்து ஊரைப் பீரங்கியால் அடித்தார்கள். 1838-இல் பிரெஞ்சுக்காரர்கள், 1847-இல் அமெரிக்கர்கள், 1914-இல் ஏழு மாதம் மறுபடி அமெரிக்கர்கள். 'நான்கு முறை வீரநகர்' என்பது பட்டம். கோட்டைச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்த்தால், கல்லில் மூளை மடிப்புப் போல வரிகள் தெரியும். அது பவளப்பாறை, கடலிலிருந்து வெட்டி எடுத்து அடுக்கியது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். பயணி அனுபவிக்கும் ஓய்வு, யாரோ நிற்பதால் கிடைப்பது. கெட்டில் தூக்குபவருக்கு ஏது நிதானம், கன்டெய்னர் முனையத்தில் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு ஏது தான்சோன்? நியாயமான கேள்வி. துறைமுகம் ஓய்வுக்கூடமாக இல்லை. மெக்ஸிகோவின் கார் ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்த வழியேதான் போகிறது. விரிவாக்கத்துக்காகப் பவளத்திட்டுப் பூங்காவின் எல்லையையே 2012-இல் மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டு, அனுமதி கொடுத்த விதம் செல்லாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்கினார்கள். ஆனால் கன்கூனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1970-களில் அரசே திட்டமிட்டு, ஓட்டல்களுக்கு ஒரு தீவு, வேலையாட்களுக்கு உள்ளே ஒரு நகரம் என்று பிரித்துக் கட்டிய இடம் அது. அங்கே ஓய்வு என்பது உற்பத்திப் பொருள். உற்பத்தி செய்பவர் வாங்க முடியாத பொருள். வெராக்ரூஸில் அப்படி வேலி போட முடியாததற்குக் கடலுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆற்று வண்டல் கலந்து மங்கலாக இருக்கும் இந்த நீரை நீலக்கடல் தேடும் வெளிநாட்டார் சீந்துவதில்லை. வருகிறவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோ நகரத்திலிருந்தும் புவெப்லாவிலிருந்தும் குடும்பத்தோடு வருபவர்கள். சதுக்கத்து இசை பயணிக்காகத் தொடங்கியதல்ல. பயணி இல்லாவிட்டாலும் நடக்கும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடுமையானது. 2011 செப்டம்பரில், ஒட்டியிருக்கும் போக்கா தெல் ரியோவில், வணிக வளாகத்துக்குப் பக்கத்தில், போக்குவரத்துக்கு நடுவே 35 சடலங்களைப் போட்டுவிட்டுப் போனார்கள். 2016 அன்னையர் தினத்தன்று, காணாமல் போன பிள்ளைகளைத் தேடி ஊர்வலம் போன தாய்மார் கையில் முகம் தெரியாத சிலர் ஒரு வரைபடத்தைக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு 'சொலெசீத்தோ' என்ற அந்தத் தாய்மார் குழு, ஊரின் ஓரத்தில் கொலீனாஸ் தெ சாந்தா ஃபே என்ற இடத்தில் தோண்டத் தொடங்கியது. இரும்புக் கம்பியை மண்ணில் அடித்து இறக்கி, உருவி, நுனியை முகர்ந்து பார்ப்பார்கள். ஏறக்குறைய 300 பேரின் எச்சங்கள் கிடைத்தன. இத்தனைக்கும் பக்கத்தில் நடனம் என்ன, நுரைத்த பால் என்ன என்று கேட்டால், முழுப் பதில் என்னிடம் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். நிதானம் இந்த ஊரின் ரத்தத்தில் இருக்கிறது என்று நம்புகிறவருக்கு அந்தக் கம்பியின் நுனியைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. எது நடந்தாலும் ஜனங்கள் ஆடிக்கொண்டேதான் இருப்பார்கள் என்று போய்விடலாம். கட்டி எழுப்பிய ஏற்பாடு என்று ஒப்புக்கொண்டால், அதை இடிக்கவும் ஆள் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். மதில், கொசு, வாடகை, துப்பாக்கி என்று ஒவ்வொரு முறையும் ஊர் எதையாவது வென்றுதான் வாசலுக்கு வந்திருக்கிறது. கடைசியாகச் சொன்னதை இன்னும் வெல்லவில்லை.

ஆகவே வெராக்ரூஸுக்குப் போகிறவருக்கு என் யோசனை, கடற்கரையை நம்பிப் போக வேண்டாம் என்பதே. காலையில் உலுவா கோட்டை, வெயிலில் காப்பிக்கடை, பொழுது சாய்ந்ததும் சதுக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். வாடைக்காற்று எழுந்தால் அறைக்கு ஓடாமல் சதுக்கத்தை ஒட்டிய 'போர்ட்டல்' வளைவு மண்டபங்களின் கீழ் ஒதுங்கலாம். தான்சோன் வாரத்தில் சில மாலைகளில்தான் உண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கிடையாது, நாற்காலி காலியாக இருந்தால் உட்காரலாம்.