நசிஞ்ச பிளக்

நேற்று விடிய குருநகர்க் கரையில பெரியப்பாவின்ர போட் ஸ்ராட் எடுக்கேல்லை. ரெண்டு சிலிண்டர், ரூ ஸ்ரோக் மண்ணெண்ணெய் எஞ்சின். கயிறு இழுத்து எனக்குக் கை விட்டுப்போச்சு.

"புதுப் பிளக் வாங்கிக்கொண்டு வரட்டோ?"

"முதல் பழசைக் கழட்டிப் பாரடா."

மேல் பிளக் பால் தேத்தண்ணி நிறம், எரிப்பில பிழையில்லை. கீழ்ப் பிளக்கின்ர நுனி நசிஞ்சு, இடைவெளியே இல்லை.

கறுத்து ஈரமா இருந்திருந்தா, ஒயில் கூடிப்போச்சு எண்டு துடைச்சுப் போட்டிருப்பம். வெளிறிக் கொப்பளிச்சிருந்தா சூடு: தண்ணி இழுக்கிற வழியில புல்லோ பொலித்தீனோ அடைச்சிருக்கும், இல்லாட்டி எண்ணெய் காணாமல் காத்துக் கூடியிருக்கும். நசிஞ்சிருந்தா கதை வேற. நீளம் கூடின பிளக்கைப் பூட்டியிருக்கவேணும், அல்லது உள்ளுக்க ஏதோ இரும்பு துள்ளுது. புதுசு போட்டா அதையும் அடிக்கும்.

பெரியப்பா இப்பிடிப் பிளக் பாக்கப் படிச்சது, பெற்றோல் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில. தொண்ணூறுகளில சூப்பிப் போத்தல் பெற்றோலில மோட்டார்சைக்கிளை ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில ஓடின ஊர் இது. பிளக் கழட்டத் தெரியாத ஆள் அப்ப குறைவு.

2022 ஆகஸ்டில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்குப் போச்சு. அதுக்குப் பிறகு ஒவ்வொரு துளிக்கும் கணக்கு. நிப்பாட்ட முதல் பெற்றோலுக்கு மாத்தி ஓடவேணும் எண்டு தெரிஞ்சும், மிச்சம் பிடிக்கவெண்டு நானே எத்தினை நாள் அதைச் செய்யாமல் விட்டிருக்கிறன்!

பின்னேரம் எஞ்சின் தலையைக் கழட்டினம். கீழ்ப் பிஸ்ரன் முழுக்கக் கொத்தின அடையாளம். ரிங்கில ஒரு துண்டைக் காணேல்லை.