விண்ணப்ப ரசீதுக்கும் ஒரு மதிப்பு வேண்டும்

மே மாதம் பாதி கடந்துவிட்டால் ஹைதராபாத் நாச்சாரத்து ஜெராக்ஸ் கடைகளில் நிற்க இடம் கிடைக்காது. இன்டர் (பிளஸ் டூ) முடித்த பிள்ளைகள் முன்னால் நிற்பார்கள். பிளாஸ்டிக் ஃபைலை மார்போடு அணைத்தபடி அப்பாவோ அம்மாவோ பின்னால் நிற்பார். டென்த் மெமோ, இன்டர் மெமோ, டி.சி., ஆறாம் வகுப்பிலிருந்து படித்ததற்கான போனஃபைடுகள், ஆதார், ரேங்க் கார்டு, சாதிச் சான்று, வருமானச் சான்று. பெயர் மாறிய பிறகும் நாங்கள் எம்செட் என்றே சொல்லிவரும் எப்செட் பொறியியல் நுழைவுத் தேர்வின் கலந்தாய்வுக்கு இவை எல்லாம் வேண்டும். ஒவ்வொருவரிடமும் இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருக்காது. அந்த ஒன்றைப் பற்றித்தான் கடையில் பேச்சு நடக்கும்.

என் மகளுக்கு அப்படி இரண்டு சான்றுகள் வராமல் இருந்தன. இங்குள்ள தொழிற்பேட்டை வேலையை நம்பி வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, தெருவில் தெலுங்கும் வீட்டில் தமிழும் பேசி வளர்கிறார்கள். கல்லூரி என்று வரும்போது இங்கேயும் விண்ணப்பிக்கிறோம், தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பிக்கிறோம். அதனால் எங்கள் காகிதங்கள் இரண்டு மாநிலங்களில் கிடக்கின்றன.

இங்கே 'லோக்கல்' என்று காட்டப் பள்ளிச் சான்றுகள் வேண்டும். அரசியல் சட்டத்தின் 371-டி பிரிவின் கீழ் 1974-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையிலிருந்து இந்தக் கணக்கு தொடங்குகிறது. எந்த ஊரில், எத்தனை ஆண்டு, இடைவெளி இல்லாமல் படித்தாய் என்பதுதான் கேள்வி. 2024 ஜூலையில் தெலங்கானா அரசு மருத்துவச் சேர்க்கை விதியைத் திருத்தியது. பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான கடைசி நான்கு ஆண்டுகளை இங்கேயே படித்திருந்தால்தான் லோக்கல் என்றது. வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், 2025 செப்டம்பரில் அரசின் விதியே நிலைத்தது. இன்டர் படிக்கப் பிள்ளையை விஜயவாடாவுக்கோ கோட்டாவுக்கோ அனுப்பிய பெற்றோர் அந்த ஓராண்டு பட்ட கவலை கொஞ்சமல்ல.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பையன் படித்த சிறிய பள்ளி, கொரோனாவுக்குப் பிறகு மூடப்பட்டுவிட்டது. போனஃபைடு தர அங்கே ஆள் இல்லை. பழைய பதிவேடு எந்தக் கல்வி அலுவலகத்துக்குப் போனது என்று விசாரித்து, அங்கிருந்து எழுதி வாங்க அந்த அம்மா அலைந்த அலைச்சலைப் பார்த்தேன். பையன் அந்தப் பள்ளியில் படித்தது தெருவுக்கே தெரியும். ஆனால் தெரு சீல் போட்டுத் தர முடியாதே.

மாவட்டப் பெயரும் ஒரு தொல்லை. 2016 அக்டோபரில் மாவட்டங்களைப் பிரித்தபோது ரங்காரெட்டியில் இருந்த நாச்சாரம், மேட்சல்–மல்காஜ்கிரிக்குப் போனது. என் மகளின் பிறப்புச் சான்றில் ஒரு மாவட்டம், ஆதாரில் இன்னொன்று. நாங்கள் வீடு மாறவே இல்லை. இதை ஒவ்வொரு கவுன்டரிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுப் பக்கம் எங்களுக்குத் தேவைப்பட்டது பிறப்பிடச் சான்று. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டு வெளி மாநிலத்தில் படித்த பிள்ளைகள் அதைக் கொடுக்க வேண்டும். ஊரில் இருக்கும் என் தம்பி இ-சேவை மையத்தில் பதிவு செய்தான். வி.ஏ.ஓ. பார்த்து, ஆர்.ஐ. பார்த்து, பிறகு தாசில்தார் கையெழுத்து. வி.ஏ.ஓ.வுக்குப் பக்கத்து ஊரும் சேர்த்துப் பொறுப்பு. அவர் வருகிற நாளில் தம்பிக்கு வேலை. தம்பி போகிற நாளில் அவர் இன்னொரு ஊரில். அவர் கேட்டதில் தவறு இல்லை: அப்பாவின் பழைய ரேஷன் கார்டு, நிலப் பட்டா, என் பத்தாம் வகுப்பு டி.சி. அந்த டி.சி.யை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்தேன். நான்காக மடித்த மடிப்பில் தாள் கிழிந்து, ஊதா மையில் போட்ட பள்ளி முத்திரை பாதிதான் தெரிந்தது. அதைச் செல்போனில் படம் எடுத்து அனுப்பினோம். தெளிவாக இல்லை என்று திரும்பி வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து மறுபடியும் எடுத்து அனுப்பினோம்.

இதே நேரத்தில் இங்கே தெலங்கானா அரசின் மீசேவா மையத்தில் வருமானச் சான்று நின்றுகொண்டிருந்தது. கவுன்டரில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். "ஒஸ்துந்தி சார், எம்.ஆர்.ஓ. லாகின்லோ உந்தி." வந்துவிடும், தாசில்தாரின் லாகினில் இருக்கிறது என்றாள். அவள் குரலில் அலட்சியம் இல்லை. நாள் முழுக்க அதே பதிலை எத்தனையோ பெற்றோருக்குச் சொல்லிக் களைத்த குரல். அவளால் வேறொன்றும் செய்யவும் முடியாது.

தேர்வுக் கவலைக்கு ஒரு மருந்து உண்டு. புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தால் ஒரு பாடமாவது குறையும். காகிதக் கவலைக்கு அப்படி எதுவும் கிடையாது. செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகு ஆரம்பிக்கிற கவலை அது. யாரோ ஒருவர் தன் மேசையில் உட்கார்ந்து ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அவர் யார் என்றும் தெரியாது. வீட்டில் அது வேறு வடிவம் எடுக்கும். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் குறை சொல்வார்கள், ஊரில் இருக்கும் தம்பிமேல் கோபம் வரும், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் போனையே பார்ப்பார்கள். ஒரு இரவு மகள் கேட்டாள்: "அப்பா, பேப்பர் வரலைன்னா நான் படிச்சதெல்லாம் வீணா?"

எங்கள் சான்றுகள் இரண்டும் கடைசித் தேதிக்கு முன்பே வந்துவிட்டன. ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. அதற்கு நாட்டின் நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்று தேடிப் படித்தேன்.

ஒடிசாவில் 2003-இல் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதிய டாலி சந்தா என்ற மாணவி, ராணுவத்தில் பணியாற்றி ஊனமுற்றவரின் மகள். முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கான இடத்துக்குத் தகுதி இருந்தது. மாவட்டப் படைவீரர் வாரியம் கொடுத்த சான்றில் பிழை. கலந்தாய்வில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திருத்திய சான்றுடன் வந்தபோது காலம் கடந்துவிட்டது என்றார்கள். உச்ச நீதிமன்றம் அவருக்கு இடம் தரச் சொன்னது. தகுதி என்பது குறித்த நாளில் இருந்தாக வேண்டும். அதை நிரூபிக்கும் தாளைத் தருவதில் கொஞ்சம் தளர்வு காட்டலாம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். என் மகள் கேட்டதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

2024-இல் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளியின் மகன் அதுல் குமாருக்குத் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய். ஜூன் 24 மாலை 5 மணி கடைசி நேரம். கடன் வாங்கிப் பணம் சேர்ந்தபோது நேரம் முடியும் தறுவாய்; இணையதளம் மூடிக்கொண்டது. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அவர் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, வேறு யாருடைய இடத்தையும் தொடாமல், அவருக்கென ஓர் இடத்தை உருவாக்கித் தரச் சொன்னது.

எல்லா வழக்கிலும் இப்படி நடப்பதில்லை. கடைசித் தேதி கடைசித் தேதிதான் என்று சொன்ன தீர்ப்புகளும் உண்டு. தேதி என்று ஒன்று இல்லாவிட்டால் சேர்க்கை முடியாது, வகுப்பும் தொடங்காது. காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கும் அது அநியாயம். அதை மறுக்க முடியாது. ஆனால் டெல்லி வரை போய் வழக்காட எத்தனை கூலித் தொழிலாளிகளால் முடியும்? வழக்குக்கு வராமலேயே படிப்பை விட்டவர்களின் கதை எந்தத் தீர்ப்பிலும் இல்லை.

முன்கூட்டியே வாங்கி வைப்பதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. சில சான்றுகளை முன்கூட்டி வாங்க விதியே இடம் தராது. ஐ.ஐ.டி. சேர்க்கைக்கான ஓ.பி.சி. சான்று அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இங்கே எம்செட்டுக்கு வருமானச் சான்று அந்த ஆண்டு ஜனவரிக்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். இன்டர் ரிசல்ட் வந்த பிறகுதான் பல பெற்றோருக்கு எந்தெந்தச் சான்று வேண்டும் என்றே தெரியவரும். ஊரே ஒரே மாதத்தில் ஒரே கவுன்டரில் நிற்கிறது; அந்த மாதத்துக்கென்று அலுவலகங்களில் ஆள் கூடுவதில்லை.

அரசே தாமதித்தால் தேதி நகரவேண்டும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் கல்லூரி உதவித்தொகைக்கான அரசுப் படிவம் வழக்கமாக அக்டோபரில் வரும். புதிதாக மாற்றியமைத்த படிவம் 2023 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. விவரங்கள் கல்லூரிகளுக்குப் போய்ச்சேர 2024 மார்ச் ஆகிவிட்டது. மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும் என்ற வழக்கத்தைப் பல கல்லூரிகள் அந்த ஆண்டு தள்ளிவைத்தன. பிழை மாணவருடையது இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, தேதி நகர்ந்தது. இங்கே ஒரு வி.ஏ.ஓ.வுக்கு இரண்டு ஊர் பொறுப்பு என்பதால் ஒரு சான்று தாமதமாகும்போது அந்த நியாயம் ஏன் பொருந்தக் கூடாது?

நம்மிடமும் நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் ஒவ்வொரு நகலுக்கும் கெஸடட் ஆபீசரின் பச்சை மைக் கையெழுத்து தேடி அலைந்தோம். பல இடங்களில் இன்று சுயசான்று போதும். 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் மதிப்பெண் பட்டியல் தானாக வந்து சேர்கிறது. அசல் சான்றுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018-இல் யு.ஜி.சி. கல்லூரிகளுக்கு அறிவித்தது. ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வு விண்ணப்பத்திலேயே, புதிய ஓ.பி.சி. சான்று கையில் இல்லாதவர் உறுதிமொழி கொடுத்துவிட்டுப் பிறகு சான்றைத் தர வழி வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு ஏற்பாட்டை எல்லாச் சேர்க்கைக்கும், எல்லாச் சான்றுக்கும் விரித்தால் போதும்.

மீசேவா ரசீதிலும் இ-சேவை ரசீதிலும் தேதியும் விண்ணப்ப எண்ணும் இருக்கின்றன. அந்த எண்ணைத் தட்டினால் காகிதம் யாருடைய லாகினில் நிற்கிறது என்று எந்தக் கல்லூரியும் நொடியில் பார்க்கலாம். கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பித்த பிள்ளைக்கு அந்த ரசீதைக் கொண்டு தற்காலிகச் சேர்க்கை கொடுங்கள். சான்று வந்ததும் சரிபாருங்கள். பொய் என்றால் இடத்தை ரத்து செய்யுங்கள். இதற்குப் புதிய கணினி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பழைய பத்திரங்களைத் தேடுவதைப் பிள்ளை இன்டர் இரண்டாம் ஆண்டில் கால் வைக்கும்போதே தொடங்குங்கள். பெயரின் எழுத்தும் இனிஷியலும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டுச் சாதிச் சான்று தெலங்கானா மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது என்பதைக் கடைசி நாளில் தெரிந்துகொள்ளாதீர்கள். எந்த ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். சான்று வரவில்லை என்றால் வீட்டிலேயே இருந்துவிடாமல், ரசீதோடு கலந்தாய்வு ஹெல்ப்லைன் சென்டருக்கே போய் எழுத்தில் கேளுங்கள். கேட்டவருக்குத்தான் பதில் கிடைக்கும். அந்த அலைச்சல் உங்களுடையதாகவே இருக்கட்டும். பிள்ளை தன் பங்கைத் தேர்வு அறையிலேயே முடித்துவிட்டது.