வெந்த பாதங்கள்

ஜூலை 28. பாலாவிலிருந்து ஈராற்றுப்பேட்டை செல்லும் பஸ், ரப்பர் மரங்களைத் தாண்டிப் பரணங்கானத்தில் நின்றதும் பாதி காலியாகிவிடுகிறது. மீனச்சில் ஆற்றங்கரையில் உள்ள இந்த ஊரில் இறங்குகிறவர்கள் போவது ஒரே இடத்துக்கு: அல்போன்சாவின் கல்லறை.

கோட்டயத்தை அடுத்த குடமாளூரில் 1910-ல் பிறந்த அன்னக்குட்டி, தாயை இழந்து, தாயின் சகோதரி வீட்டில் வளர்ந்தவர். கன்னியாஸ்திரியாக வேண்டும் என்பது அவரது ஆசை. வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். உடம்பில் ஊனம் வந்தால் கல்யாணப் பேச்சு நின்றுவிடும் என்று 1923-ல் உமி எரிந்த குழியில் காலை விட்டார். நினைத்ததைவிட அதிகமாகவே வெந்தது. பேச்சு நின்றது.

1927-ல் பரணங்கானம் கிளாரிஸ்ட் மடத்தில் சேர்ந்தார். வாகக்காட்டில் சிறிது காலம் ஆசிரியை வேலை. பிறகு பெரும்பாலும் நோய்ப்படுக்கைதான். 1946-ல், 35 வயதில் இறந்தபோது அடக்கத்துக்கு வந்தவர்கள் சிலரே. கல்லறையில் முதலில் மெழுகுவர்த்தி ஏற்றியவர்கள் பள்ளிப் பிள்ளைகள்.

2008-ல் அவர் இந்தியாவின் முதல் பெண் புனிதரானார். அதற்கு வாடிகன் ஏற்ற அற்புதம், வளைந்த பாதங்களோடு பிறந்த ஒரு குழந்தை குணமானது. மருத்துவம் இதற்கு என்ன சொல்லும் என்று வரிசையில் நிற்பவர்கள் கேட்பதில்லை. கைக்குழந்தையோடு நிற்கும் தாய்க்கு ஒன்று போதும்: வெந்த காலோடு நடந்தவருக்குத் தன் பிள்ளையின் கால் புரியும்.