அடையும் தண்ணீரும்

ஞானஸ்நானம் எடுப்பதற்கு முந்தைய நாள் வரை அவன் என்னை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிட்டான். மறுநாளிலிருந்து ‘பிரதர்’. அலுவலகத்தில் எனக்கு அடுத்த இருக்கை, என்னைவிட ஏழு வயது இளையவன். திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை, அம்மா மட்டும். அந்தக் குடும்பத்தில் சபைக்குள் கால் வைத்த முதல் ஆள் அவன்.

நான் திருநெல்வேலிக்காரன். ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். ஞாயிறு காலை ஆராதனை, முடிந்ததும் வீட்டில் கறிக்குழம்பு என்று வளர்ந்தவன். விசுவாசம் எனக்குப் பாட்டி காலத்துப் பீரோ மாதிரி. எப்போதும் அங்கேதான் நிற்கும், திறந்து பார்த்துப் பல வருஷம் ஆகியிருக்கும். அப்படிப்பட்ட என்னிடம்தான் போதகர், “தம்பி புதுசு. நீங்க கொஞ்சம் கூட இருந்து பாத்துக்கோங்க” என்றார்.

நான் ஓர் எக்செல் தாள் போட்டுக் கொடுத்தேன். வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்றால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் 1196, ஏழு மிச்சம்கூட. காலை ஐந்து மணிக்கு ஜெபம், வெள்ளிக்கிழமை உபவாசம், மாதம் ஒருமுறை முழு இரவு ஜெபம், தசமபாகம். செய்தால் பச்சை, விட்டால் சிவப்பு. அதில் ஒன்றையும் நான் ஒழுங்காகச் செய்தவனில்லை என்பது அப்போது உறுத்தவில்லை.

மூன்று மாதம் தாள் முழுக்கப் பச்சை. வெள்ளி உபவாசம் புதனுக்கும் பரவியது. ஐந்து மணி நாலானது. அவனுக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று, மீட்டிங்கில் தூங்கி விழுந்தான். எனக்கோ உள்ளுக்குள் பெருமை. ‘நம்ம பையன்.’

பொங்கல் முடிந்த வாரம் அவன் அம்மா அழைத்தார். அவசரத்துக்கு என்று என் எண்ணை அவன் எப்போதோ கொடுத்து வைத்திருக்கிறான்.

“தம்பி, நீங்க சொன்னா கேப்பான். சாமிய மாத்திக்கிட்டான், சரி, எந்தச் சாமியோ புள்ள நல்லாருந்தா போதும். பொங்கலுக்கு வந்தவன் ஒரு வாய் சாப்புடல தம்பி. தண்ணிகூட கடையில வாங்கிக் குடிச்சான். மூணு மாசமா பணமும் வரல. மருந்துக்கடையில கடன் நிக்குது.”

அவனிடம் கேட்டேன். “கட்டட நிதிக்குப் பொருத்தனை பண்ணிட்டேன் பிரதர். தேவனுக்குக் கொடுத்தா வீட்டை அவர் பாத்துப்பார்” என்றான். முகத்தில் அத்தனை நம்பிக்கை. யாரும் அவனைக் கட்டாயப்படுத்தவில்லை. கோபப்பட வாய் திறந்தவன் மூடிக்கொண்டேன். நான் போட்ட தாளில் தசமபாகத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. அம்மாவுக்கு இல்லை. தூக்கத்துக்கும் இல்லை.

அன்றிரவு பீரோவைத் திறந்தேன். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ‘கொர்பான்’ என்று ஒரு வார்த்தை வரும். கடவுளுக்கு நேர்ந்துவிட்ட காணிக்கை. பெற்றவர்களுக்குப் போய்ச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லிக் கைகழுவுகிறவர்களை இயேசு அங்கே கடுமையாகக் கண்டிக்கிறார். சின்ன வயதிலிருந்து கேட்ட பகுதிதான். மருந்துக்கடைக் கடனோடு சேர்த்து ஒருநாளும் வாசித்ததில்லை.

பிறகு எலியா. கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றிக்குப் பிறகு ஓடிப்போய், வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து செத்துப்போக வேண்டுமென்று கேட்கிறார். தூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டுச் சாப்பிடச் சொல்கிறான். எலியா சாப்பிட்டு மறுபடி தூங்கிவிடுகிறார். தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், போக வேண்டிய தூரம் அதிகம் என்று. ஓரேப் மலையின் மெல்லிய சத்தமெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். அந்தச் சத்தத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், அடையைப் பற்றி ஒன்றும் ஞாபகமில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்துக் கிருஷ்ண பிள்ளையும் நினைவுக்கு வந்தார். வைணவக் குடும்பத்தில் கம்பனைக் கற்று வளர்ந்தவர், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். கற்ற தமிழைத் தூக்கி எறியவில்லை. ‘இரட்சணிய யாத்திரிகம்’ அச்சில் வந்தது 1894இல். முப்பத்தாறு வருஷம். நான் இவனுக்கு ஐம்பத்திரண்டு வாரம் கொடுத்திருந்தேன்.

சனிக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறினேன். வழியில் பேசினோம். படையல் விஷயம் சுலபமில்லை. பவுலே கொரிந்தியருக்கு மூன்று அதிகாரம் எழுதிப் பார்த்த சிக்கல் அது. சந்தையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் சாப்பிடலாம், படைத்தது என்று ஒருவர் சொன்னால் வேண்டாம் என்கிறார். “படைச்சத சாப்பிட உன் மனசு ஒப்பலன்னா வேணாம். அதை நான் மாத்த வரல. ஆனா உங்கம்மா குடத்துத் தண்ணிய யாரும் எதுக்கும் படைக்கலையேடா” என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அம்மா சொம்பை நீட்டினார். வாங்கிக் குடித்தான். மூன்று முறை சோறு வாங்கினான். சாப்பிட்ட இடத்திலேயே சுவரோரம் சாய்ந்தவன் சாயங்காலம் ஐந்து மணிவரை எழுந்திருக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுப்பப் போனேன். “உடுங்க தம்பி, தூங்கட்டும்” என்றார் அம்மா.

தாளை அழித்துவிட்டோம். வெள்ளி உபவாசம் அவனுக்கு இன்னும் உண்டு. சம்பளம் வந்ததும் முதலில் வீட்டுக்கு அனுப்புகிறான். மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே ஓர் அதிகாரம் இரண்டு பேருமாக வாசிக்கிறோம். பாதி நாள் நான்தான் மறந்துவிடுகிறேன், அவன்தான் ஞாபகப்படுத்துகிறான். கூப்பிடுவது பழையபடி ‘அண்ணா’ ஆகியிருக்கிறது, எப்போது மாறியது என்று தெரியவில்லை.

அடுத்த பொங்கலுக்கு என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது. போன வாரம் அவன் அம்மா மறுபடி அழைத்தார். சாமிக்கு வைக்கிற சோற்றில் உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைக்காதவர் அவர்.

“தம்பி, படைக்கிறதுக்கு முந்தியே அவனுக்கு ஒரு கிண்ணத்துல எடுத்து வச்சிட்டா, சாப்புடுவானா?”